கொஞ்சம் எண்ணெய்தானே என்று விட்டுவிடலாமா?

சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து இலைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க ரயில்வேயில இருந்தவர். என் கார்ல முன்சக்கரத்துக்குப் பின்னால எண்ணெய் கசியுது. மெக்கானிக் ஷாக்கர் போச்சுங்கறான். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டலாமா?"

என் பதில் நீண்டுவிட்டது. ரசத்தோடு வந்தவர் இரண்டு முறை நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். எதிர் வரிசையில் இருந்த மலர்க்குழு அன்பர், "பந்தியில் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். எழுதுகிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமானால், நான் செய்த தவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சிக் லேபிள் ஒட்டியவன்

என் அப்பா பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, 1983-இல் அப்ரெண்டிஸாக ரயில்வேயில் சேர்ந்து, பல ஊர் சுற்றி நாக்பூரில் நிலைத்தவன். 2021-இல் ஓய்வு பெறும்வரை பெட்டிகளின் அடிப்பாகம்தான் என் உலகம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் 2018 வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளில் நீங்கள் எல்லோரும் பயணம் செய்திருப்பீர்கள். அவற்றின் ஒவ்வொரு அச்சுப்பெட்டிக்கு மேலும் இருபுறம் ஸ்பிரிங்குகள் உண்டு. ஸ்பிரிங்குக்குள்ளே டாஷ்பாட் என்று ஓர் எண்ணெய்க் குவளை. அதில் சுமார் ஒன்றரை லிட்டர் எண்ணெய் இருக்கும். வண்டி பிட் லைனுக்கு வந்ததும் டார்ச்சை அடித்து முதலில் பார்க்கிற இடங்களில் அதுவும் ஒன்று. எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தால் கவனிக்காமல் விடக் கூடாது. அங்கேயே சரிசெய்ய முடியாத பழுது என்றால் பெட்டிக்கு 'சிக்' லேபிள் ஒட்டிக் கழற்றி விடுவோம். அதற்காக ஸ்டேஷன் அதிகாரிகளோடு நான் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல.

அப்படிப்பட்ட நான், 2024 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆல்டோவைக் கழுவும்போது, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் வழிந்திருந்ததைப் பார்த்தேன். 2008-இல் வாங்கிய வண்டி. 2023-இல் ஆர்.டி.ஓ.வில் மறுபதிவும் ஆகியிருந்தது. "கொஞ்சம் எண்ணெய்தானே, மழைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று துணியால் துடைத்துவிட்டு வந்தேன். வந்தவன் மறந்தும் போனேன்.

அந்த வண்டியை ஓட்டுவது என் மகள். வார்தா ரோட்டில் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறாள். ஜூலையில் ஒரு மழைநாள் மாலை வீட்டுக்கு வந்தவள் ஈரக் குடையை மடக்காமலே சொன்னாள்: "அப்பா, இன்னிக்கு ப்ரேக் போட்டேன், வண்டி நிக்கவே இல்லப்பா. மூக்கைத் தரையில குத்திக்கிட்டு, தத்தித் தத்திப் போச்சு. முன்னாடி ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, பின்னால யூனிஃபார்ம் போட்ட பொண்ணு. ஒரு சாண் இடைவெளியில நின்னுது."

ப்ரேக்கில் கோளாறு இல்லை. பிறகு நான் சோதித்துப் பார்த்தேன். கோளாறு எங்கே என்று அவள் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பின் அறியாதவர்கள் ஏறும் பெட்டியில் அந்த எண்ணெயைக் கண்டிருந்தால் விட்டிருக்க மாட்டேன். என் மகள் ஓட்டும் வண்டியில் கண்டும் நான்கு மாதம் விட்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஊஞ்சலும் காலும்

அந்த எண்ணெய்க்கு என்ன அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் காலைத் தரையில் தேய்க்க வேண்டும். காரின் ஸ்பிரிங் அந்த ஊஞ்சல். பள்ளத்தில் இறங்கிய அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், மறுபடி வாங்கும். ஆட்டத்தை அடக்கும் கால்தான் ஷாக் அப்சார்பர்.

அது எப்படி அடக்குகிறது? ஒரு வாளித் தண்ணீரில் கையை மெதுவாக அசைத்தால் தண்ணீர் வழிவிடும். வேகமாக அடித்தால் தடுக்கும். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் நிறைந்த குழாயும், அதில் மேலும் கீழும் போகும் பிஸ்டனும், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும் உண்டு. சக்கரம் துள்ளும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகிறது. துள்ளலின் ஆற்றல் எண்ணெயில் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. மோசமான சாலையில் வெகுதூரம் ஓட்டி வந்து தொட்டுப் பார்த்தால் அந்தச் சூடு கையில் தெரியும்.

எண்ணெய் வெளியே போய்விட்டால் அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. பிஸ்டன் தடையில்லாமல் ஓடுகிறது. சக்கரம் பந்து போலத் துள்ளுகிறது. துள்ளும் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத நேரமாவது சாலையை விட்டு எழும்புகிறது, அல்லது சாலையை லேசாகத்தான் தொடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் ப்ரேக்கை எவ்வளவு அழுத்தினாலும், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் டயருக்குப் பிடிமானம் இல்லை. ஷாக் அப்சார்பரை நாம் சொகுசுச் சாமான் என்று நினைக்கிறோம். உண்மையில் அது ப்ரேக்குக்குக் கூட்டாளி.

ஸ்ட்ரட் என்றால் என்ன?

அம்பாசடர் காலத்தில் முன்பக்கம் முறுக்குக் கம்பியும் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. ஷாக் அப்சார்பர் தனியாக ஒரு பக்கம் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் தெருக்களுக்குப் பரவலாக வந்த அமைப்புதான் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு நிறுவனத்தில் இருந்தபோது, 1950-இல் பிரிட்டனில் வெளிவந்த கான்சல், செஃபிர் கார்கள் வழியாக இது பரவியது. இன்று நம்மிடம் உள்ள சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதுதான்.

இதில் ஷாக் அப்சார்பரே தூணாக நிற்கிறது. அதைச் சுற்றி ஸ்பிரிங். தூணின் அடி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற இரும்புத் துண்டோடு இரண்டு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். தூணின் தலை, பானெட்டைத் திறந்தால் தெரியும் வட்டமான இடத்தில் ரப்பர் மவுண்ட்டோடு பூட்டப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூணும் சேர்ந்து திரும்பும்.

ஒரே சாமானுக்கு இத்தனை வேலை என்பதால் அதன் தண்டுக்குப் பக்கவாட்டிலும் அழுத்தம் வருகிறது. தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள ஆயில் சீல் காலப்போக்கில் தேய்கிறது. தூசியைத் தடுக்கும் ரப்பர் உறை கிழிந்துவிட்டால் புழுதி தண்டில் ஒட்டி, அரம் போல சீலை அராவிவிடும். நாக்பூரில் மே மாதம் 45 டிகிரி வெயில். ரப்பர் காய்ந்து வெடிக்கக் கேட்கவா வேண்டும்? போதாக்குறைக்குச் சிமெண்ட் சாலையும் பழைய சாலையும் சேரும் இடங்களில் உள்ள படிகள்.

கசிவா, வியர்வையா?

எண்ணெயைக் கண்டதும் பதற வேண்டாம். தண்டு ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் ஒரு மெல்லிய படலம் எண்ணெய் கூட வரும். குழாயின் மேல்பகுதியில் மட்டும் லேசாக ஈரம் தெரிந்தால் அது வியர்வை. துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடி வழிந்து, குழாயின் அடிவரை வந்து, புழுதி கெட்டியாக அப்பியிருந்தால் அது கசிவு. நான் துடைத்தேன், ஒரு வாரம் கழித்துப் பார்க்கவில்லை. என் தவறு அங்கேதான்.

வழிவது ஸ்ட்ரட்டின் எண்ணெய்தானா என்றும் பார்க்க வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தில் கருப்பாக கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்ஸிலின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது என்று பொருள். ப்ரேக் குழாயின் ஓரம் ஈரமாக இருந்து, பானெட்டுக்குள் உள்ள ப்ரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறைந்திருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்; மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. முன் மூலையைக் கையால் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். வண்டி ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஸ்ட்ரட் போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையில் பாதி கெட்ட ஸ்ட்ரட் தப்பித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். இடைவிட்டு இடைவிட்டுப் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. ப்ரேக் போடும்போது மூக்கு தாழ்வதும், வேகத்தடை தாண்டிய பிறகும் வண்டி தொட்டில் போல ஆடுவதும் மற்ற அடையாளங்கள். டொக் டொக் என்ற சத்தம் மட்டும் இருந்து கசிவு இல்லையென்றால் மேல் மவுண்ட்டையோ, கீழே உள்ள பால் ஜாயிண்ட்டையோ பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் வீட்டில்?

ஒரு பட்டறையில் காட்டினேன். பெயர் வேண்டாம். ஐந்து நிமிடம் கூடப் பார்க்காமல் நான்கு ஷாக்கர், இரண்டு ஆர்ம், ஸ்டியரிங் வேலை என்று பெரிய பட்டியல் போட்டார்கள். இன்னொரு இடத்தில் "ஒண்ணு மாத்தினா போதும் சாப்" என்றார்கள். இரண்டும் தவறு. பின்பக்கம் நன்றாகவே இருந்தது. அதே சமயம் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் ப்ரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எனக்குக் கருவி பிடித்த கை. நானே செய்வது என்று முடிவு செய்தேன். "ரிடையர் ஆனதுக்கு அப்புறமும் வண்டிக்கு அடியிலதான் படுக்கணுமா?" என்றாள் என் மனைவி. "வண்டிக்கு அடியில் படுக்கவே வேண்டாம், எல்லாம் பக்கவாட்டு வேலை" என்று சமாதானம் சொன்னேன். அது உண்மையும்கூட.

வாங்கியவை: இடது ஸ்ட்ரட் ஒன்று, வலது ஒன்று (இரண்டும் வேறு வேறு, ப்ரேக் குழாயைப் பிடிக்கும் இடம் மாறும்), மேல் மவுண்ட், பேரிங், தூசி உறை, தண்டின் மேல் இருக்கும் ரப்பர் தாங்கி, புதிய பூட்டு நட்டுகள். ஸ்ட்ரட்டை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டுக் கிழிந்த உறையையே மாட்டினால் புது சீலும் சீக்கிரமே போய்விடும். சந்தையில் போலிச் சாமான்கள் உண்டு. அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள்.

வேலை நடந்த விதம்

முதல் நாள் இரவே கீழ் போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தேன். பதினைந்து வருடத் துரு ஓர் இரவாவது ஊற வேண்டும்.

காலையில் சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் ப்ரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தேன். சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு மல்லுக்கட்டினால் வண்டி ஆடும். பிறகு ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, கையேட்டில் காட்டிய இடங்களில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து இறக்கினேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட். செங்கல் அடுக்கி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் எச்சரிக்கை கொடுக்காமல் உடையும். கழற்றிய சக்கரத்தையும் சும்மா சாய்த்து வைக்காமல் வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்தேன். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், மனிதன் மேல் உட்காராது.

ஸ்ட்ரட்டில் மாட்டியிருந்த ப்ரேக் குழாய்க் கிளிப்பை எடுத்தேன். அடுத்து, ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயிண்ட்டால் குறுக்காக ஒரு கோடு. போல்ட் துளைகளில் சிறிது இடம் விட்டிருக்கும். சக்கரத்தின் சாய்வு அதில் இருக்கிறது. திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. ஸ்ட்ரட் புதிது என்பதால், பழையதில் இருந்த கோட்டின் இடத்தை அளந்து புதியதிலும் போட்டுக்கொண்டேன்.

இரண்டு போல்ட்டுகளும் எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நட்டுகளைக் கழற்றினேன். ஸ்பானருக்கு நீளக் குழாய் மாட்டித்தான் அசைந்தது. போல்ட்டைத் தட்டி எடுக்கும் முன்பு நக்கிளைக் கம்பியால் வண்டியோடு கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது வெளிப்பக்கம் சரிந்து, ப்ரேக் குழாயை இழுக்கும். ஆக்ஸிலின் உள்மூட்டு கழன்றுவிடவும் கூடும். கம்பி கட்ட இரண்டு நிமிடம். கழன்றதைப் பூட்ட அரை நாள்.

பிறகு பானெட்டைத் திறந்தேன். இங்கேதான் எல்லோரும் நிதானிக்க வேண்டும்.

நடு நட்டைத் தொடாதீர்கள்

மேலே வட்டத்தின் ஓரத்தில் மவுண்ட்டைப் பிடித்திருக்கும் சிறிய நட்டுகள் இருக்கும். நடுவில் பெரிதாக ஒரு நட்டு இருக்கும். சிறியவற்றைக் கழற்றினால் ஸ்ட்ரட் முழுசாகக் கீழே இறங்கும். நடுவில் உள்ளதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடிக்கும்.

வெடிக்கும் என்பது வெறும் பேச்சில்லை. ஆல்டோவின் எடை ஏறக்குறைய 720 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் அதில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களின் மேல். ஒரு முன் ஸ்பிரிங் 200 கிலோ அளவுக்குத் தாங்குகிறது. வண்டியிலிருந்து கழற்றிய பிறகும் ஸ்பிரிங் முழுவதும் விரிந்துவிடுவதில்லை. கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் நடுவில் அமுங்கியே இருக்கிறது. அந்த அமுக்கத்தைப் பிடித்திருப்பது அந்த ஒரே ஒரு நடு நட்டு.

நான் அப்ரெண்டிஸாக இருந்தபோது, ஒரு டிப்போவில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருந்த சட்டம் நழுவியது. அருகில் இருந்த கலாசிக்கு இரண்டு விரல்கள் போயின. கண் மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. மறுநாள் காலை எல்லோரும் அந்தச் சட்டத்தைச் சுற்றி நின்றோம், ஒருவரும் பேசவில்லை. நாற்பது வருடம் ஆகியும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

சந்தையில் இரண்டு கொக்கிகள் கொண்ட ஸ்பிரிங் கம்ப்ரஸர் சல்லிசாகக் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் மாட்டி மாறி மாறி முடுக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து பாயும். முப்பத்தெட்டு வருடம் ஸ்பிரிங்குகளோடு வாழ்ந்த நான் அதை என் வீட்டு வாசலில் செய்யத் துணியவில்லை. சிறிய நட்டுகளை மட்டும் கழற்றி, கடைசி நட்டுக்கு முன்பு ஸ்ட்ரட்டை ஒரு கையால் தாங்கிப் பிடித்து இறக்கினேன். இரண்டு பக்கத்தையும் அப்படியே முழுசாக இறக்கி, பழைய சாக்கில் சுற்றி, புதிய சாமான்களோடு ஆட்டோவில் ஏறினேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய ஒர்க் ஷாப். சுவரோடு போல்ட் போட்ட திருகு அழுத்தி அவர்களிடம் இருந்தது. மராத்தி இளைஞர் ஒருவர் ஸ்பிரிங்கை அதில் நிறுத்தி, அது தட்டுகளிலிருந்து தளர்ந்து கையால் சுற்றும் நிலை வரும்வரை அமுக்கி, அதன் பிறகே நடு நட்டைத் தொட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

அங்கே நின்று நான் கவனித்தவை நான்கு. புதிய ஸ்ட்ரட்டை நிமிர்த்தி வைத்துத் தண்டை மூன்று நான்கு முறை முழுவதும் இழுத்து அமுக்க வேண்டும். உள்ளே உள்ள காற்று வெளியேறி, தடை ஒரே சீராக வரும். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் புது சீல் கிழிந்துவிடும். ஸ்பிரிங்கின் முனை கீழ்த்தட்டில் உள்ள படியில் சரியாக உட்கார வேண்டும். நடு நட்டு புதியதாக இருக்க வேண்டும். அதை முழுவதும் முடுக்கிய பிறகே ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும்.

"காகா, எத்தனையோ பேர் இதை வீட்டிலேயே திறந்துவிட்டு அடிபட்டு வருகிறார்கள். நீங்கள் முழுசாகக் கொண்டுவந்தீர்கள்" என்றார் அவர். அதற்கு அவர் வாங்கிய கூலி மிகக் குறைவு. மொத்தச் செலவு முதல் பட்டறை கேட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

திரும்பப் பூட்டுதல்

பூட்டுவது எளிது. மேல் நட்டுகளைக் கையால் மட்டும் மாட்டிக்கொண்டு, கீழே போல்ட்டுகளை அதே திசையில் நுழைத்து, வெள்ளைக் கோட்டைச் சேர்த்து முடுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பானர் இரவல் வாங்கியாவது அந்த அளவுக்கு முடுக்குங்கள். பிறகு மேல் நட்டுகள். ப்ரேக் குழாயை முறுக்கில்லாமல் கிளிப்பில் மாட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பி, குழாய் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். கிளப்பும் முன்பு ப்ரேக் மிதியை நாலைந்து முறை அமுக்கிக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தேன். முதலில் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று. அடுத்த நாளே வீல் அலைன்மென்ட். கோடு எவ்வளவு சரியாகச் சேர்ந்தாலும் இதை விடக் கூடாது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி ஒரு முறை பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. அவசரம் இல்லாதவர்களுக்கான வேலை இது.

பழைய ஸ்ட்ரட்டுகளை உடைத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். பல வகைகளில் அழுத்தத்தோடு வாயு அடைத்திருப்பார்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம்.

போடும் முன்பு மகளைக் கூப்பிட்டேன். இடது பக்கத்துப் பழைய ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடித்து, "அமுக்கு" என்றேன். ஒரு விரலால் அமுக்கினாள். சைக்கிள் பம்ப் போல சரக்கென்று உள்ளே போய், அங்கேயே நின்றுவிட்டது. வலது பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்தினாள். மெல்ல மெல்லத்தான் இறங்கியது. அவள் இரண்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதையா நான் மழையில ஓட்டிட்டிருந்தேன்?" என்றாள். "ஆமாம்மா. மார்ச்சிலேயே எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் டிப்போவில் பழுதை மறைத்தவனை நான் மன்னித்ததில்லை.

அவள் கோபிக்கவில்லை. "இனிமே ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது நானும் வரேன். என்ன பார்க்கணும்னு காட்டிக் குடுங்க" என்றாள். இப்போது டார்ச் அவள் கையில் இருக்கிறது.

பந்தியில் கேட்ட அன்பருக்கும், அவரைப் போல யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதுதான் என் பதில். வழியும் எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் பாருங்கள். மறுபடி வழிந்திருந்தால் தள்ளிப்போடாமல் ஓர் அச்சின் இரண்டு ஸ்ட்ரட்டையும் மாற்றுங்கள். கருவியும் பழக்கமும் இருந்தால் கழற்றுவதும் பூட்டுவதும் வீட்டிலேயே முடியும். ஸ்பிரிங்கை மட்டும், சுவரில் பூட்டிய அழுத்தி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். எதுவரை நம் கை, எங்கிருந்து அடுத்தவர் கை என்று தெரிந்திருப்பதும் தொழிலில் ஒரு பாடம்தான்.

சந்தேகம் உள்ளவர்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வண்டியோடு வாருங்கள். டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்கிறேன். சிக் லேபிள் மட்டும் இப்போது என்னிடம் இல்லை.